கிரானைட் என்று எழுதியிருந்தேன்

காலை பத்து மணிக்குப் பிடித்த மழை பதினொன்றுக்கு விட்டது. சுரங்கத்திலிருந்து லாரிகள் கொண்டுவந்து கொட்டிய கல்மேட்டின் ஓரமாக, மடக்கிய குடையோடு நடந்துகொண்டிருந்தேன். அங்கே எனக்கு வேலை ஒன்றுமில்லை. கோர் ஷெட்டுக்குப் போகும் பாதை சேறாகிக் கிடந்ததால் மேட்டைச் சுற்றிக்கொண்டு போனேன், அவ்வளவுதான். வழக்கமாக அந்த மேடு முழுக்க மாவு அப்பியதுபோல் ஒரே சாம்பல் தூசி மூடியிருக்கும். அன்று மழை அதை நன்றாகக் கழுவிவிட்டிருந்தது. மேட்டின் அடியில் வாஷிங் மெஷின் அளவுக்கு ஒரு கல் ஒருக்களித்துக் கிடந்தது. அதன் பக்கவாட்டில் வரி வரியாகக் கோடுகள். ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை, அரை விரல் அகலத்துக்குக் கறுப்பு, மறுபடி வெள்ளை. கைப்பையிலிருந்த குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து மிச்சமிருந்த மண்ணின்மேல் ஊற்றித் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கோடுகள் தெளிந்தனவே தவிர மறையவில்லை.

பக்கத்தில் லாரியின் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்த டிரைவரிடம் கேட்டேன். "இது எந்த வெடிக்கல்லு?"

"காலை லோடு மேடம். உங்க அண்ணன் ஷிஃப்டுதான். ஏன், வீட்டுக்கு எடுத்துட்டுப் போகப் போறீங்களா? ஏத்திவிடவா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலை வெடி நடந்த இடத்தில் என்ன கல் இருக்கிறது என்று நான்கு மாதத்துக்கு முன்பே நான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். கிரானைட். விரிசல் இல்லாத, கெட்டியான, ஒரே மாதிரியான கிரானைட். நான் எழுதியதில் கோடுகள் கிடையாது.

இந்த வேலையிடத்தில் கல்லைப் பார்த்துப் பெயர் சொல்வது என் வேலை. ஆட்களுக்கு நான் கல்லு மேடம். அண்ணனுக்கு வெறும் கல்லு. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஏரியிலிருந்து இந்தப் பக்கத்து ஊர்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுவர, மலையை இரண்டு பக்கமிருந்தும் குடைந்துகொண்டு வந்தார்கள். அன்றைக்கு இரண்டு குழுவுக்கும் நடுவில் மிச்சமிருந்தது ஐம்பத்திரண்டு மீட்டர். ஒரு நாளைக்கு இரண்டு வெடி, ஒரு வெடிக்கு மூன்று மீட்டர். யார் முதலில் நடுவை உடைத்து எதிராளியின் முகத்தைப் பார்ப்பது என்று இரண்டு பக்கத்துக்கும் போட்டி. இந்தப் பக்கக் காலை ஷிஃப்டின் ஃபோர்மேன் என் அண்ணன். அவனுக்குக் கீழே பதினான்கு பேர்.

குடைய ஆரம்பிப்பதற்கு முன்பே மலையின் தலையிலிருந்து நேர் கீழாகத் துளைகள் போட்டு, உள்ளே இருக்கும் கல்லைக் குழாய் குழாயாக உருவி எடுத்திருந்தோம். அதைத்தான் கோர் என்பது. தடித்த கரும்புத் துண்டுகள் மாதிரி, நீளநீளமான மரப்பெட்டிகளில் வரிசையாக அடுக்கி வைத்திருப்போம். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, தண்ணீர் தெளித்துத் துடைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, எந்த ஆழத்தில் என்ன கல் என்று எழுத வேண்டும். தண்ணீர் முக்கியம். காய்ந்த கோர் எல்லாம் ஒரே மாதிரி சாம்பலாகத்தான் இருக்கும், நனைத்தால்தான் முகம் காட்டும். ஆறாம் எண் துளையின் கடைசி ஒன்பது பெட்டிகளை நான் பார்த்த அன்று ஷெட்டின் தண்ணீர்த் தொட்டி காலி. லாரி வரவில்லை. அறிக்கை சாயங்காலம் போயாக வேண்டும். முந்தைய நாற்பது பெட்டியும் கிரானைட்தான், இதுவும் அதுதான் என்று நினைத்தேன். துணியால் தூசியைத் தட்டிவிட்டு எழுதினேன்.

அதெல்லாம் எனக்கு அந்தக் கல்மேட்டின் ஓரத்தில், பாட்டில் காலியான பிறகு, ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தது.

ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். நாற்பத்தொன்றாம் எண்ணிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக இழுத்துத் தரையில் பரப்பினேன். ஒரு பெட்டி ஒரு ஆள் கனம் கனக்கும். வழக்கமாக இரண்டு பேர் தூக்குவோம். யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை. வாளியில் தண்ணீர் பிடித்து, ஸ்பாஞ்சை முக்கிப் பிழிந்து துடைத்தேன். நாற்பத்தொன்று கிரானைட். நாற்பத்திரண்டில் பாதிவரை கிரானைட். அதற்கப்புறம் கல்லுக்குள் இருக்கும் மணிகள் மெதுவாக ஒரு பக்கம் சாய ஆரம்பித்தன. நாற்பத்து மூன்றில் பட்டைகள் பளிச்சென்று இருந்தன.

கிரானைட் தீப்பாறை. பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் குழம்பாகக் கிடந்து, அவசரமே இல்லாமல் ஆறிக் கெட்டியானது. ஆற நேரம் கிடைத்ததால் மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்திருக்கும். அதே குழம்பு வெளியே வழிந்து சட்டென்று ஆறியிருந்தால் மணியே தெரியாத வேறொரு கல்லாகியிருக்கும். அதனால் தீப்பாறையை வகை பிரிக்க நாங்கள் கேட்பது இரண்டே கேள்வி: மணி பெரிசா சிறிசா, நிறம் வெளுப்பா கறுப்பா. உருமாறிய பாறையிடம் முதல் கேள்வியே வேறு. அது உருகியது இல்லை. இருந்த கல் இருந்த இடத்திலேயே மேலே மலையின் பாரத்தையும் கீழே சூட்டையும் வாங்கிக்கொண்டு, கெட்டியாக இருந்தபடியே உள்ளுக்குள் மாறியது. அழுத்தத்தில் அதன் மணிகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துவிடும். அதனால் அதனிடம் முதலில் கேட்பது: வரி இருக்கிறதா, இல்லையா. வரி பட்டை பட்டையாகப் பிரிந்திருந்தால் நைஸ். மைக்கா சேர்ந்து செதிள் செதிளாக மின்னி, நகம் பட்டதும் உதிர்ந்தால் சிஸ்ட். நைஸ் என்று நான் முதல்முறை சொன்னபோது ஆட்கள் ஒரு வாரம் சிரித்தார்கள். "கரடுமுரடா கெடக்கு, இதப் போயி நைஸ்னு சொல்றீங்களே மேடம்."

நைஸ் எனக்குப் பயம் தரவில்லை. அதுவும் கெட்டிக் கல்தான். கிரானைட்டையும் அதையும் மாற்றி எழுதியிருந்தால் வெட்கம், அதோடு போயிருக்கும். நாற்பத்து நான்காம் பெட்டியில்தான் என் கை நின்றது. நடுவில் அறுபது சென்டிமீட்டருக்குக் கோர் முழுசாக இல்லை. கறுப்பாக, பொடித்துண்டுகளாக, ஒரு கைப்பிடி அள்ளிப்போட்டதுபோல் இருந்தது. நனைத்ததும் அந்தப் பொடி மொத்தமும் மீன் செதிள்போல் மின்னியது. விரலால் நசுக்கினால் வழுக்கியது. சிஸ்ட். இதற்கு நேராக என் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்தேன். "துளையிடும்போது உடைந்தது." என் கையெழுத்து, அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

துளை போட்டவரின் தினசரித் தாள்கள் அலமாரியில் தனிக் கட்டாக இருந்தன. அவரைப் பெருச்சாளி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார். ஐம்பது வயது, பேச்சு குறைவு. அந்த ஆழத்துக்கு நேராக அவர் கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்: "மெஷின் தானா இறங்கிச்சு. தண்ணி திரும்பல." கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். துளைக்குள் விட்ட தண்ணீர் மேலே வராமல் எங்கோ ஓடிவிட்டது என்றால் உள்ளே சந்து இருக்கிறது என்று பொருள். அவர் தன் வேலையைச் செய்திருக்கிறார். நான் அந்தத் தாளைப் படிக்கவே இல்லை.

மீதியைத் தாளில் போட்டுப் பார்த்தேன். ஆறாம் எண் துளை, இப்போது குடைந்துகொண்டிருக்கும் பாறை முகப்பிலிருந்து இருபத்திரண்டு மீட்டர் முன்னால் இருக்கிறது. அந்த இடத்தில் இந்த வழுக்கல் அடுக்கு சுரங்கக் கூரைக்கு ஒன்பது மீட்டர் மேலே. அடுக்கு சாய்வாக ஓடுகிறது. எந்தப் பக்கம் சாய்கிறது என்று கோர் சொல்லாது, உருவி எடுக்கும்போது குழாய்க்குள் அது சுழன்றிருக்கும். நம் பக்கம் சாய்ந்தால் இன்னும் ஒன்பது மீட்டரில் கூரைக்கு வந்துவிடும். மூன்று வெடி. அந்தப் பக்கம் சாய்ந்தால் எதிர்க்குழுவின் தலைக்கு மேலே. இரண்டில் ஒன்று. ஒரு வெடியில் அடியிலிருந்து தாங்கும் கல் போய்விட்டால், மேலே இருப்பது சறுக்கிக்கொண்டு மொத்தமாக இறங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வெடிக்கு முன்னும் நான் உள்ளே போய்ப் பாறை முகப்பைப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கடந்த ஒரு வாரமாகத் தினமும் போயிருக்கிறேன். புகை அடங்காமல், விளக்கு மங்கலாக, முகப்பு முழுக்கத் தூசி பூசியிருக்கும். எனக்குக் கிடைப்பது ஐந்து நிமிஷம். ஆனாலும் நின்று பார்த்திருக்கிறேன். கையிலிருந்த தாளில் கிரானைட் என்று இருந்தது, கண்ணும் கிரானைட்டையே பார்த்தது.

மூன்று மணிக்குக் குடியிருப்புக்குப் போனேன். அண்ணன் ஷிஃப்டு முடிந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தான். அண்ணி பரிமாறிக்கொண்டிருந்தாள். இரண்டே அறை, முன்னறையில் அவன் ஹெல்மெட், பூட்ஸ், என் புத்தகங்கள், மூன்று நாற்காலி. அவன் நல்ல உற்சாகத்தில் இருந்தான்.

"இன்னைக்கு என்ன தெரியுமா? அந்தப் பக்கத்துக்காரனுங்க மெஷின் ஒண்ணு படுத்துருச்சாம். நடுவுல போயி, டேய் வாங்கடான்னு கைய நீட்டப் போறது நாங்கதான்."

"அண்ணா, அஞ்சு மணி வெடிக்கு நான் கையெழுத்துப் போடப் போறதில்ல."

சொல்லிவிட்டு, உட்காராமலே, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது.

"கிரானைட்டுன்னா என்ன, நீ சொல்றதுன்னா என்ன? எல்லாம் கல்லுதானே. பத்து வருஷமா ஒடைக்கிறேன்."

"பொருள் ஒண்ணுதான்ணா. ரெண்டுலயும் அதே வெள்ளை மணி, அதே கறுப்புச் செதிள். கிரானைட்டுல அது எப்படி வேணா நிக்கும், மைதானத்துல ஆளுங்க நிக்கிற மாதிரி. ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கும். இது கூட்டமான பஸ்ஸு. எல்லாம் ஒரு பக்கமா ஒருக்களிச்சு நிக்கும். அதுல செதிள் மட்டும் சேந்த எடம் ஒண்ணு இருக்கு. அங்க பிடிமானமே கிடையாது."

"இது தெரியாமயா அன்னைக்குக் கையெழுத்துப் போட்ட?"

"பாக்காம போட்டேன்."

அவன் கையை உதறிவிட்டு எழுந்தான். அண்ணனுக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். "நீ போட்ட கையெழுத்த நம்பித்தான் பதினாலு பேர உள்ள கூட்டிட்டுப் போறேன். அதுல ஒருத்தனுக்குக் கொழந்த பொறந்து பத்து நாள் ஆகல. பாக்காம போட்டேங்கிற."

அவன் பின்பக்கம் போய்க் கை கழுவினான். குழாய் வெகு நேரம் ஓடியது.

அண்ணி தட்டை எடுத்துக்கொண்டே தணிந்த குரலில் கேட்டாள். "நிறுத்தணும்னு சொல்லு. சரி. உன் தப்புன்னு சொல்லாம சொல்ல வழியே இல்லையா? புதுசா இப்பதான் தெரிஞ்சதுன்னு?"

"பெட்டி நாலு மாசமா ஷெட்டுல கெடக்கு அண்ணி."

"யாரு போயிப் பாக்கப் போறா."

"அதான். யாரும் பாக்கல. நானும் பாக்கல."

அவள் இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள். பிறகு, "ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போ. வெறும் வயித்தோட சண்டைக்குப் போகாத," என்றாள்.

அங்கிருந்து நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. மூன்று மாதமாக அவருக்கு ஒரே ஒரு தேதிதான் கனவிலும் வந்துகொண்டிருந்தது. நடு உடையும் தேதி. நான் நனைத்த கோர் துண்டுகளை மேசையில் ஈரத்தோடு வைத்தேன். காகிதங்களை அவசரமாக நகர்த்தினார். கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நைஸும் கெட்டிக் கல்லுன்னு நீங்களே சொல்றீங்க."

"நைஸ் பிரச்சினை இல்ல சார். நடுவுல இருக்கிற இந்த அடுக்குதான்."

"அறுபது சென்டிமீட்டர்."

"வழுக்குறதுக்கு அறுபது சென்டிமீட்டர் தாராளம் சார்."

அவர் கோர்த் துண்டை எடுத்து, நசுக்கி, விரலில் ஒட்டிய மினுமினுப்பைப் பார்த்தார். "சரி. இதுக்கு ஒரு வழி சொல்றேன். டிரில்லர் துண்டுகள எடம் மாத்தி வச்சுட்டாருன்னு ஒரு குறிப்பு எழுதுங்க. அப்ப தலைமை அலுவலகம் உங்களக் கேள்வி கேக்காது. அவரு தினக்கூலி ஆளு, ஒரு எச்சரிக்கையோட போயிரும். நாம நிதானமா ரெண்டு நாள்ல சரி பண்ணிக்கலாம்."

அவர் நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார். சொல்லும்போது முகத்தில் எனக்காக ஒரு கவலைகூட இருந்தது. அந்த ஒரு கணம், உண்மையைச் சொல்கிறேன், நாற்காலியில் சாய்ந்துகொள்ளலாம்போல் இருந்தது. கைப்பையைத் திறந்து பெருச்சாளியின் தாளை எடுத்து வைத்தேன். இரண்டு கோடு போட்ட வரி மேலே தெரியும்படி.

"அவரு எழுதியிருக்காரு சார். படிக்காதது நான்."

அங்கேயே, அவர் கண்ணெதிரில், பழைய பதிவைத் திறந்தேன். எங்கள் வேலையில் தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது, மை பூசி மறைக்கவும் கூடாது. ஒரே ஒரு கோடு, அடியில் இருக்கும் சொல் படிக்கத் தெரியும்படி. மேலே சரியான சொல், பக்கத்தில் தேதி, சுருக்கொப்பம். 'கிரானைட்' மேல் கோடு போட்டேன். நைஸ் என்று எழுதினேன். அடுத்த வரியில், 'துளையிடும்போது உடைந்தது' மேல் கோடு. மைக்கா சிஸ்ட், அறுபது சென்டிமீட்டர், தண்ணீர் இழப்பு, துளையாளர் அன்றே பதிவு செய்துள்ளார், என்னால் கவனிக்கப்படவில்லை. எட்டுப் பெட்டிக்கும் கோடு போட்டு முடிக்கப் பத்து நிமிஷமானது.

"முகப்புல முன்பக்கமா ஒரு நீளத்துளை போட்டுப் பாக்கணும் சார். அதுவரைக்கும் பதிவேட்டுல என் கையெழுத்து இருக்காது."

"நாளைக்கு மத்தியானம் தலைமை அலுவலகத்து ஆளு வருவாரு. அவரு போடுவாரு."

"போடட்டும். அதுவரைக்கும் எனக்கு நேரம் இருக்கு."

"எந்த ஷிஃப்டு ஃபோர்மேன் தன் மெஷினக் குடுப்பான்?" என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எல்லாத்தையும் உங்க பொறுப்புன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க," என்றார். எழுதிக் கொடுத்தேன். அவரே எதிர்ப்பக்கத்துக்கும் போன் போட்டு அவர்கள் வெடியை நிறுத்தினார். அதை நான் மறக்க மாட்டேன்.

அன்று ஐந்து மணிக்கு வெடிச் சத்தம் கேட்கவில்லை. குடியிருப்பில் எல்லாரும் வெளியே வந்து மலையைப் பார்த்தார்கள். யாரோ கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். அண்ணன் அன்று என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் சுரங்க வாசலுக்குப் போனபோது அவன் குழு ஏற்கனவே உள்ளே போயிருந்தது. ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நடந்தேன். முகப்பில் துளை எந்திரம் விளக்கெல்லாம் போட்டு, கை இரண்டையும் மடக்கித் தயாராக நின்றது. அண்ணன் அதன் மேலே, ஓட்டுபவனின் இருக்கையில் தானே உட்கார்ந்திருந்தான். ஓட்டவேண்டியவன் கீழே நின்று கொட்டாவி விட்டான். பின்னால் சுவரில் சாய்ந்து பெருச்சாளியும் நின்றார். அவரை யார் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை.

"எங்க போடணும் சொல்லு," என்றான் அண்ணன். முகத்தைப் பார்க்காமல்தான்.

"முதல்ல கழுவணும்."

ஹோஸைப் பிடித்து முகப்பைக் கழுவினார்கள். சேறு வழிந்து இறங்க, வலது பக்கம் பூராவும் வரிகள் தெரிய ஆரம்பித்தன. ஒரு வாரமாக இவற்றின் முன்னால்தான் நின்றிருக்கிறேன். ஆட்களும் பார்த்தார்கள். ஒருத்தன், "இவ்வளவு கோடா!" என்றான். காம்பஸை வைத்துச் சாய்வை அளந்தேன். இடது பக்கம் எந்திரம் மறைத்துக்கொண்டு நின்றது. வலது பக்கத்து வரிகள் நம்மை நோக்கித்தான் சாய்ந்தன. நேராக முன்னே, கொஞ்சம் மேல்நோக்கி, பதினாறு மீட்டர் என்று சொன்னேன்.

துளை எந்திரம் பாறையில் இறங்கினால் காதுக்குள் வேறு எதுவும் நுழையாது. துளையிலிருந்து வழியும் தண்ணீரை நான் ஒரு வெள்ளை வாளியில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பால்போல் வெளுத்த தண்ணீர். ஐந்து மீட்டர், வெளுப்பு. ஒன்பது, வெளுப்பு. பன்னிரண்டு. பதினாறு. ஒரே சீரான கெட்டிக் கல். எந்திரம் நின்றதும் அந்த அமைதி தாங்கமுடியாததாக இருந்தது. பின்னாலிருந்து ஒருத்தன், "கல்லு கல்லாத்தான் இருக்கு," என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். பத்து மணி ஆகியிருந்தது.

அண்ணன் இருக்கையிலிருந்து குனிந்தான். "அப்ப அந்தப் பக்கமா சாயுதோ?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் பக்கத்து வேலை முடிந்தது. ஆனால் வலது பக்கத்து வரிகளை நானே அளந்திருந்தேன், அவை நம் பக்கம்தான் வந்தன. கணக்கில் எதுவோ இடிக்கிறது. வாளியை வைத்துவிட்டு முகப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். நேற்றுவரை செய்த தப்பையே இன்றும் செய்திருக்கிறேன் என்று உறைத்தது. பாதிதான் பார்த்திருக்கிறேன்.

"மெஷின பின்னால எடுக்கணும்ணா. இடது பக்கம் பாக்கணும்."

"எடுத்துத் திரும்ப வைக்க முக்கால் மணி நேரம் ஆகும்."

"தெரியும்."

"நிச்சயமா சொல்றியா, அங்க இருக்குன்னு?"

"நிச்சயம் எல்லாம் கெடையாது. பாக்காம போட்டுட்டேன்னு இன்னொரு தடவ உங்கிட்ட வந்து சொல்ல மாட்டேன். அவ்வளவுதான்."

அவன் என்னைப் பார்த்தான். முந்தைய நாள் மத்தியானத்துக்குப் பிறகு அப்போதுதான் நேராகப் பார்த்தான். பிறகு எந்திரத்தைக் கிளப்பிப் பின்னால் எடுத்தான்.

இடது பக்கம் கழுவியதும், அளக்கவே வேண்டியிருக்கவில்லை. வலது பக்கம் நேராக வந்த வரிகள் நடுவில் வளைந்து, இடது மூலைக்குப் போகப்போக, துணியை மடித்ததுபோல் சுருண்டு சட்டென்று கீழே இறங்கின. அந்த வழுக்கல் அடுக்கும் அவற்றோடு அங்கேதான் இறங்கியிருக்க வேண்டும். கல் கெட்டியாக இருக்கும்போதே இப்படி மடிய வேண்டுமென்றால் எவ்வளவு காலம், எவ்வளவு பாரம் வேண்டும். படித்திருக்கிறேன், பரீட்சையில் படம் போட்டிருக்கிறேன். என் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில், தண்ணீர் சொட்டச் சொட்ட, அதைப் பார்த்தது அன்றுதான். பெருச்சாளி பக்கத்தில் வந்து, கன்னத்தைச் சொறிந்துகொண்டு, "மேல இடது தோள்ல, லேசா வெளிப்பக்கமா," என்றார். நான் சொல்ல நினைத்த இடமும் அதுதான்.

இரண்டாவது துளை பதினொன்றே காலுக்கு ஆரம்பித்தது. நாலு மீட்டர், வெளுப்பு. ஆறு மீட்டர், வெளுப்பு. ஏழாவது மீட்டரில் எந்திரத்தின் சத்தம் மாறியது. அதுவரை இடித்துக்கொண்டிருந்தது, இப்போது முனகியது. அண்ணன் விசையை விட்டுக் கையை எடுத்துவிட்டான். கம்பி அரை மீட்டருக்குமேல் தானாக உள்ளே போனது. வாளியில் விழுந்த தண்ணீர் சாம்பலாகி, கறுப்பாகி, விளக்கு வெளிச்சத்தில் மினுமினுவென்று கலங்கியது. பிறகு மெலிந்து, சொட்டி, நின்றே போனது.

"தண்ணி திரும்பல," என்றார் பெருச்சாளி.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் எந்திரத்தை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் கீழே இறங்காமல் உட்கார்ந்திருந்தான். பத்து நாள் குழந்தைக்காரன் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தபடி, ஓரடி ஓரடியாகப் பின்னால் நகர்ந்து வந்தான்.

தலைமை அலுவலகத்து ஆள் மத்தியானம் வந்தார். வாளியைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார், கோடு போட்ட பதிவைப் பார்த்தார். அதைத்தான் அதிக நேரம் பார்த்தார். மூன்று மீட்டர் வெடி ஒரு மீட்டராகக் குறைந்தது. ஒவ்வொரு மீட்டருக்கும் இரும்பு வளைவு நிறுத்தி, மேலே பலகை அடைத்து, கட்டை முட்டுக் கொடுத்து நகர்ந்தார்கள். அடுத்த பத்து நாளில் அண்ணன் குழு பதினொரு மீட்டர்தான் போனது. எதிர்க்குழு ஐந்தாறு நாளில் மெஷினைச் சரிசெய்துகொண்டு, நல்ல கல்லில், குதித்துக் குதித்து வந்தது. நடுவை உடைக்கப் போவது அவர்கள்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எனக்கு ஒரு கடிதம் வந்தது: திங்கட்கிழமை காலை விசாரணை, ஆறாம் எண் துளையின் அசல் பதிவோடு ஆஜராக வேண்டும். மேனேஜர் அதைக் கொடுக்கும்போது, "நானும் வரேன்," என்றார். வந்து என்ன சொல்வார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மற்ற துளைகளின் பெட்டிகளைத் திரும்ப முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்திருந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டி. விசாரணைக்கு முன் எத்தனை முடியுமோ அத்தனை.

சனிக்கிழமை காலை அந்த அடுக்கு கூரைக்கு வந்தது. நான் முகப்பில் இருந்தேன். வெடிப் புகை கலைந்து, கல்லை அள்ளிக்கொண்டிருந்தபோது, எங்களுக்குப் பின்னால் மேலே, அடைத்த பலகைகளுக்கு அப்பால், ஏதோ நீளமாக உரசும் சத்தம் கேட்டது. பெரிய பீரோவைத் தரையில் இழுப்பதுபோல். அப்புறம் ஒரு தொப். அதற்குக் கீழிருந்த இரும்பு வளைவு இரண்டும் ஒருமுறை முனகின. முட்டுக்கட்டை ஒன்று படீரென்று வெடித்துச் சிம்பு பறந்தது. அவ்வளவுதான். வளைவு நின்றது. எல்லாரும் அசையாமல் நின்றோம். அண்ணன் மெதுவாக நடந்துபோய் அந்த இரும்பின்மேல் உள்ளங்கையை வைத்து, வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தான். "இன்னும் நாலு கட்ட கொண்டா," என்றான். "பெருசா." கொண்டுவந்தார்கள். அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் பலகை இடுக்கிலிருந்து மைக்காத் தூள் எங்கள்மேல் கொட்டிக்கொண்டே இருந்தது.

இரண்டு மணிக்கு ஷிஃப்டு முடிந்து எல்லாரும் ஒன்றாக வெளியே நடந்தோம். உள்ளே மங்கலில் தெரியவில்லை. வாசலைத் தாண்டி வெயிலில் கால் வைத்ததும், எனக்கு முன்னால் போன பதினைந்து பேரும் மின்னினார்கள். புருவத்தில், காது மடலில், கழுத்து மடிப்பில், பூட்ஸில், எங்கும் வெள்ளிச் செதிள். சாயங்கால ஷிஃப்டுக்காரர்கள் உள்ளே போகக் காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்து, என் நெற்றியைக் காட்டி ஏதோ சொன்னான். சத்தத்தில் காது இன்னும் அடைத்திருந்தது, கேட்கவில்லை. அவன் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையை உதறினான். அந்த மைக்காத் தூள் வெயிலில் நிதானமாக, இறங்க மனமில்லாததுபோல், அவனைச் சுற்றி இறங்கியது.